தேடுபொறியிலிருந்து நீக்கினால் திருட்டுப் பிரதி ஒழியுமா? பதிப்புரிமை நீக்கல் கோரிக்கைகள் பற்றி ஒரு விவாதம்

பதிவு 1 · அச்சுக்கோவை

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு சிறு பதிப்பகத்தில் பணிபுரிகிறேன். ஒரு நூலை 500 படிகள் அச்சிட்டு, அவை விற்றுத் தீர ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ காத்திருக்கும் அளவிலான பதிப்பகம் எங்களுடையது. சென்ற சென்னைப் புத்தகக் காட்சிக்கு நாங்கள் கொண்டுவந்த மொழிபெயர்ப்பு நூல் ஒன்று, காட்சி முடிந்த பத்தாம் நாளே முழுமையாக ஸ்கேன் செய்யப்பட்டு, பிடிஎஃப் கோப்பாக இணையத்தில் சுற்றத் தொடங்கிவிட்டது. பக்கங்களின் ஓரத்தில் ஸ்கேன் செய்தவரின் விரல் நிழல்கூடத் தெரிகிறது.

நூலின் பெயரைக் கூகுளில் தேடினால் முதலில் வந்தது அந்தத் திருட்டுப் பிரதிதான். எங்கள் விற்பனைப் பக்கம் அதற்கு வெகு கீழே கிடந்தது. ஆகவே நூலின் பெயரோடு ‘பிடிஎஃப்’ என்ற சொல்லையும் சேர்த்துத் தேடி, வந்த முகவரிகளையெல்லாம் திரட்டி, 43 முகவரிகள் கொண்ட நீக்கல் கோரிக்கை ஒன்றை கூகுளின் படிவம் வழியே அனுப்பினேன். நான்கு நாள்களில் 38 முகவரிகள் தேடல் முடிவுகளிலிருந்து மறைந்தன. மூன்றாம் வாரத்தில் அதே கோப்பு, அதே விரல் நிழலோடு, புதிதாக 20 முகவரிகளில் நிற்கிறது. வயலில் கோரையைக் கையால் பறிப்பது போல இருக்கிறது. மேலே பறிக்கப் பறிக்கக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இந்த வேலையைத் தொடர்வதில் பயன் உண்டா? இந்தியச் சட்டத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழி இருக்கிறதா? மொழிபெயர்ப்பாளருக்கு நாங்கள் தரவேண்டிய உரிமைத்தொகை விற்கும் படிகளைப் பொறுத்தே அமைகிறது என்பதால், விவரம் அறிந்தவர்களின் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

பதிவு 2 · வழக்குரை

அச்சுக்கோவை அவர்களுக்கு வணக்கம். முதலில் ஒரு சொல் குறித்துத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பலர் ‘காப்புரிமை’ என்று எழுதிவிடுகிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கு உரியது. நூல், இசை, திரைப்படம் ஆகியவற்றுக்கு உரியது பதிப்புரிமை. கோரிக்கைக் கடிதத்தில் இந்தச் சொல் மாறினால் பெறுபவர் அதை ஒதுக்கிவைக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

நீங்கள் நிரப்பிய படிவத்தின் அடிப்படை, 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் இயற்றப்பட்ட டிஎம்சிஏ என்னும் சட்டம். அதன் 512ஆம் பிரிவு, பிறர் ஏற்றும் உள்ளடக்கத்திற்காக இணைய நிறுவனங்கள் நட்டஈடு தரவேண்டியதில்லை என்று பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் உரிமையாளரிடமிருந்து முறையான அறிவிப்பு வந்தால் விரைந்து நீக்க வேண்டும் என்பது அந்தப் பாதுகாப்புக்கான நிபந்தனை. இப்பிரிவில் கோப்பைத் தன் வழங்கியில் (சர்வரில்) வைத்திருக்கும் நிறுவனத்திற்கு ஓர் உட்பிரிவும், இருக்கும் இடத்தைக் காட்டும் தேடுபொறிக்கு வேறோர் உட்பிரிவும் உண்டு. உங்கள் கேள்விக்கான பாதி விடை இந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது. தேடுபொறி நீக்குவது வழிகாட்டிப் பலகையை மட்டுமே. கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. முகவரி தெரிந்தவர் நேரே போகலாம், டெலிகிராமில் பகிரலாம், புதிய முகவரியில் மறுபடியும் ஏற்றலாம்.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது, 52ஆம் பிரிவில் இணைப்புகளை வழங்குவோருக்கான விதிவிலக்கு சேர்க்கப்பட்டது. உரிமையாளர் எழுத்து மூலம் புகார் அளித்தால், இணைப்பை வழங்குபவர் 21 நாள்களுக்கு, அல்லது நீதிமன்ற ஆணை வரும்வரை, அந்தப் படைப்பை அணுக உதவுவதை நிறுத்திவைக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு விதிகளின் 75ஆம் விதி, இந்த நடவடிக்கையை 36 மணி நேரத்திற்குள் எடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் 21 நாள்களுக்குள் நீங்கள் நீதிமன்ற ஆணை பெற்றுத் தராவிட்டால், அவர் மீண்டும் இணைப்பைத் தரலாம். 500 படி அச்சிடும் பதிப்பகம் ஒவ்வொரு நூலுக்கும் உயர்நீதிமன்றப் படியேற முடியாது. ஆகவேதான் நம் ஊர்ச் சிறு பதிப்பாளர்கள்கூட அமெரிக்கப் படிவத்தை நிரப்பும் நிலை இருக்கிறது.

பதிவு 3 · பட்டியல்காரர்

நான் சில ஆண்டுகள் இதே வேலையைச் சம்பளத்திற்குச் செய்தவன். உரிமையாளர்களுக்காக நீக்கல் கோரிக்கைகளை மொத்தமாக அனுப்பும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றினேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அங்கே எங்கள் உழைப்பை முகவரிகளின் எண்ணிக்கையால் அளந்தார்கள். எத்தனை பேர் திருட்டுப் பிரதியை விட்டு நூலை வாங்கினார்கள் என்பதை அளக்க எவரிடமும் கருவி இல்லை; எத்தனை முகவரிகளை அனுப்பினோம் என்பதை அளக்க முடிந்தது. ஆகவே மென்பொருள் ஒரு பெயரையும் ‘இலவசம்’, ‘டவுன்லோட்’ போன்ற சொற்களையும் சேர்த்துத் தேடும். வந்ததையெல்லாம் பட்டியலில் சேர்க்கும். மனிதக் கண் சிலவற்றை மட்டுமே பார்க்கும்.

இதன் விளைவுகள் ஆவணங்களாகவே கிடைக்கின்றன. 2012இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பெயரால் அனுப்பப்பட்ட ஒரு கோரிக்கை, பிபிசி, விக்கிப்பீடியா முதலிய தளங்களின் பக்கங்களை நீக்கக் கேட்டது. விண்டோஸ் 8 சோதனைப் பதிப்பின் திருட்டுப் பிரதிகளைத் தேடிய மென்பொருள், தொடர்பே இல்லாத செய்திப் பக்கங்களையும் பட்டியலில் சேர்த்திருந்தது. 2013இல் எச்பிஓ நிறுவனத்தின் பெயரால் சென்ற கோரிக்கையில், எவரும் இலவசமாகப் பயன்படுத்த உரிமையுள்ள விஎல்சி என்னும் காணொளி இயக்கும் மென்பொருளின் இணைப்பு இருந்தது.

இன்னொரு செய்தி எனக்கே அதிர்ச்சி தந்தது. மொத்தமாக அனுப்புவோருக்காகத் தனி வழி ஒன்றை கூகுள் வைத்திருக்கிறது. 2017 ஜனவரியில் அவ்வழியே மிக அதிகமாக அனுப்பிய ஒருவரின் கோரிக்கைகளில், ஏற்கப்பட்ட 1,64,57,433 முகவரிகளில் 1,64,50,129 முகவரிகள் தேடல் பட்டியலில் ஒருபோதும் இருந்ததே இல்லை என்று கூகுள் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திற்குத் தெரிவித்தது. இல்லாத முகவரிகளை நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். இனி வந்தாலும் வரவிடாமல் தடுக்க கூகுளும் அவற்றை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2024 இறுதிக்குள் கூகுளிடம் நீக்கக் கோரப்பட்ட முகவரிகள் ஆயிரம் கோடியைத் தாண்டின என்று படிக்கும்போது, அந்த எண்ணுக்குள் இவையும் இருக்கின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அச்சுக்கோவை அவர்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் அனுப்பிய 43 முகவரிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தீர்களா?

பதிவு 4 · ஏட்டுப்பிரதி

பட்டியல்காரர் கேட்ட கேள்வியின் மறுபக்கத்தில் நின்றவன் நான். நாங்கள் சில நண்பர்கள் விடுமுறை நாள்களில் பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றுகிறோம். எதை ஏற்றுவது என்பதில் மிகவும் கவனமாக இருக்கிறோம். இந்தியாவில் ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. ஆனால் தமிழகத்திற்கென்று ஒரு சிறப்பு உண்டு. பாரதியாரின் படைப்புகளுக்கான உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் பெற்றுப் பின்னர் மக்களுக்கே உரியதாக்கியது. அதற்குப் பிறகு புதுமைப்பித்தன், கல்கி உள்ளிட்ட பலரின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டு, அவர்களின் குடும்பத்தாருக்கு அரசு பரிவுத்தொகை வழங்கியிருக்கிறது. அந்த நூல்களை எவரும் அச்சிடலாம், எவரும் இணையத்தில் தரலாம்.

அத்தகைய ஒரு நூலை நாங்கள் எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்து, மூன்று முறை மெய்ப்புப் பார்த்து ஏற்றியிருந்தோம். அதே நூலை மறுபதிப்பாக விற்கும் ஒரு பதிப்பகத்தின் சார்பில் நீக்கல் கோரிக்கை போயிருக்கிறது. எங்கள் பக்கம் தேடலிலிருந்து மறைந்துவிட்டது. கூகுளின் தளப் பொறுப்பாளர் சேவையில் பதிவு செய்திருந்ததால் எங்களுக்குத் தகவலாவது வந்தது. பதிவு செய்யாதவருக்கு, தன் பக்கம் காணாமல் போனதே தெரியாது.

எதிர் அறிவிப்பு அனுப்ப வழி இருக்கிறது என்று சொல்வார்கள். அந்தப் படிவத்தில் என் முழுப்பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தரவேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்கு உட்படுகிறேன் என்றும் உறுதியளிக்க வேண்டும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு அந்த வரியைப் படித்ததும் கை நின்றுவிடும். எங்களில் இருவர் வேண்டாம் என்றனர். நாட்டுடைமை அரசாணையை இணைத்து நான் கையெழுத்திட்டேன். ஐந்து வாரங்களுக்குப் பிறகு பக்கம் திரும்பி வந்தது. எங்களிடம் எவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

பதிவு 5 · முதல்காட்சி

ஏட்டுப்பிரதி அவர்களுக்கு நேர்ந்தது தவறுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தவறாக நீக்கப்பட்ட பக்கங்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு, திருடப்பட்ட உழைப்பைப் பற்றி நாம் பேசுவதில்லை என்பது என் மனக்குறை. நான் திரைத்துறையில் படத்தொகுப்பு உதவியாளராக இருக்கிறேன். ஒரு படத்தின் வருவாயில் பெரும்பகுதி முதல் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களில் வந்தாக வேண்டும். அந்த மூன்று நாள்களுக்குள் நீக்கப்படாத இணைப்பை நான்காம் நாள் நீக்குவதால் எங்களுக்குப் பயன் மிகக் குறைவு.

‘2.0’ வெளியாவதற்கு முந்தைய நாள், 2018 நவம்பர் 28 அன்று, 12,564 இணையதளங்களை முடக்கும்படி 37 இணையச் சேவை நிறுவனங்களுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அவற்றில் 2,000க்கும் மேற்பட்டவை தமிழ்ராக்கர்ஸ் என்னும் ஒரே கூட்டத்தின் பெயர் மாறிய முகவரிகள். அப்படியிருந்தும் வெளியான அன்றே படம் இணையத்தில் வந்துவிட்டது. எதிரே நிற்பவர்கள் ஆயிரக்கணக்கில் முகவரிகளை உருவாக்கும்போது, ஒவ்வொன்றையும் திறந்து, படித்து, சிந்தித்து அனுப்புங்கள் என்று எங்களிடம் சொல்வது எப்படி நியாயம்? மென்பொருளை நாடுவதைத் தவிர வேறு வழி எங்களுக்கு இல்லை.

பதிவு 6 · வழக்குரை

முதல்காட்சி அவர்களின் வேதனையை மதிக்கிறேன். விரைவு தேவை என்பதையும் ஏற்கிறேன். 2019 ஏப்ரலில் தில்லி உயர்நீதிமன்றம், முழுக்க முழுக்கத் திருட்டுக்காகவே நடத்தப்படும் தளங்களை அடையாளம் காண அளவுகோல்களை வகுத்தது. ஒருமுறை முடக்கப்பட்ட தளம் வேறு பெயரில் வந்தால், புதிய வழக்கின்றி அதையும் பட்டியலில் சேர்க்க வழிசெய்தது. 2023ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தம், திரையரங்கில் படத்தைப் பதிவு செய்பவருக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 3 லட்சம் ரூபாய் முதல் படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை அபராதமும் விதிக்கிறது. அதே ஆண்டு நவம்பரில், புகாரின் பேரில் 48 மணி நேரத்திற்குள் இணைப்பை முடக்க வழிசெய்யும் பொறுப்பு அதிகாரிகளையும் ஒன்றிய அரசு நியமித்தது. இந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் திரைப்படங்களை மனத்தில் வைத்தே உருவானவை. நூல்களுக்கு இவற்றில் பல பொருந்துவதில்லை.

ஆனால் விரைவு மட்டுமே குறிக்கோளானால் என்ன நேரும் என்பதற்கும் சென்னையே சான்று. 2012இல் ‘3’ என்னும் படத்திற்காகப் பெறப்பட்ட ஆணையைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற காணொளித் தளங்களையே முழுமையாக முடக்கின. தம் சொந்தக் குறும்படங்களை அங்கே வைத்திருந்த இளம் இயக்குநர்களின் படைப்புகளும் சேர்ந்து மறைந்தன. அவ்வாண்டு ஜூன் மாதம், குறிப்பிட்ட முகவரிகளுக்கே அந்த ஆணை பொருந்தும், முழுத் தளங்களுக்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 2016இல் பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி கௌதம் பட்டேல், முழுத் தளங்களையும் முடக்கக் கேட்ட தயாரிப்பு நிறுவனத்திடம், ஒவ்வொரு முகவரியையும் சரிபார்த்து உறுதிமொழி தந்தால் மட்டுமே ஆணை என்று நின்றார். விரைவு வேண்டுவோர் சரிபார்க்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

பதிவு 7 · கடல்கடந்தவள்

நான் வெளிநாட்டில் வாழும் வாசகி. அண்மைத் தமிழ் நூல் ஒன்றை இங்கே வாங்க முயன்றேன். மின்னூல் இல்லை, அச்சுநூலை அனுப்பும் கட்டணம் நூலின் விலையைப் போல் பல மடங்கு. தேடியபோது முதலில் கிடைத்தது திருட்டுப் பிரதி. அதை நான் பதிவிறக்கவில்லை. ஆனால் என் நட்பு வட்டத்தில் பலர் பதிவிறக்கினார்கள், அவர்கள் எவரும் பணம் தர மறுப்பவர்கள் அல்லர். தேடலில் சட்டப்படியான வழி ஒன்று தென்பட வேண்டும் என்று மட்டும் பதிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 8 · ஏட்டுப்பிரதி

முதல்காட்சி அவர்களுக்கு: மென்பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்று நான் கூறவில்லை. தவறு நேர்ந்தால் அதற்கு எவரும் விடை சொல்ல வேண்டியதில்லை என்பதே என் குறை. டிஎம்சிஏ அறிவிப்பில், உரிமையாளரின் சார்பில் செயல்படத் தமக்கு அதிகாரம் உண்டு என்ற கூற்று மட்டுமே பொய்ச்சான்றுத் தண்டனைக்கு உட்பட்டது; இந்த முகவரியில் மீறல் இருக்கிறது என்பதற்கு ‘நல்லெண்ண நம்பிக்கை’ போதும். தெரிந்தே பொய் சொன்னவர் இழப்பீடு தரவேண்டும் என்று ஓர் உட்பிரிவு இருந்தாலும், தெரிந்தே செய்தார் என்று மெய்ப்பிப்பது அரிது. குழந்தை நடனமாடும் 29 விநாடிக் காணொளியை யூடியூபிலிருந்து நீக்கியதை எதிர்த்து ஸ்டெஃபனி லென்ஸ் என்னும் தாய் 2007இல் தொடுத்த வழக்கில், அனுப்பும் முன் அது ‘நியாயமான பயன்பாடா’ (உரிமையாளரின் அனுமதியின்றியே சட்டம் இடம்தரும் பயன்பாடா) என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்க 2015 ஆகிவிட்டது.

இந்த இடைவெளியில் தீயவர்கள் புகுந்திருக்கிறார்கள். 2023 நவம்பரில் கூகுளே ஒரு வழக்குத் தொடுத்தது. குறைந்தது 65 கணக்குகளை உருவாக்கி, தம் வணிகப் போட்டியாளர்களின் 1,17,000க்கும் மேற்பட்ட முகவரிகளை நீக்கப் பொய்க் கோரிக்கைகள் அனுப்பினர் என்பது குற்றச்சாட்டு. தமக்கு எதிரான செய்திக் கட்டுரையை ஒரு வலைப்பூவில் பழைய தேதியிட்டு நகலெடுத்து, பிறகு மூலக் கட்டுரையையே திருட்டு என்று புகாரளிப்பவர்களும் இருக்கிறார்கள். இவற்றை நம்மால் அறிய முடிவதே, 2000களின் தொடக்கத்தில் வேறு பெயரில் தொடங்கி இன்று லூமன் என்று அழைக்கப்படும் ஆவணத் தொகுப்பில் கூகுள் கோரிக்கைகளின் நகலைச் சேர்ப்பதால்தான்.

பதிவு 9 · பட்டியல்காரர்

தொடக்கக் கேள்விக்குத் திரும்புகிறேன். கோப்பு மீண்டும் முளைக்கிறது என்பதற்காகக் கோரிக்கையே வீண் என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரு தளத்தின் மீது ஏற்கத்தக்க நீக்கல் அறிவிப்புகள் குவிந்தால், அந்தத் தளம் முழுவதையும் தேடலில் கீழிறக்கும் முறையை 2012 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2014 அக்டோபரில் அதை வலுப்படுத்தியது. ஆகவே சரியான ஒவ்வொரு அறிவிப்பும் அந்தக் கணக்கில் சேர்கிறது. தவறான அறிவிப்பும் குற்றமற்ற ஒருவரின் கணக்கில் சேர முற்படும் என்பதையும் இதனோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் தேடுபொறியிலிருந்து தொடங்க மாட்டேன். 20 முகவரிகள் என்றாலும் கோப்பு உண்மையில் கிடக்கும் வழங்கிகள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். மற்றவை அதற்குக் கைகாட்டும் பக்கங்கள். ‘டவுன்லோட்’ பொத்தான் எந்த முகவரிக்குக் கொண்டுபோகிறது என்று பாருங்கள். அந்தச் சேமிப்புத் தளத்திற்கு முதலில் எழுதுங்கள். அங்கே கோப்பு போனால் பத்துப் பக்கங்கள் ஒரே நாளில் வெறுமையாகும். பிங் தேடுபொறிக்கும் தனியே எழுத வேண்டும். கூகுளுக்கு அனுப்பியது அங்கே போகாது. கடல்கடந்தவள் சொன்னதையும் புறந்தள்ளாதீர்கள். உங்கள் விற்பனைப் பக்கத்தில் நூலின் பெயர் படமாக மட்டும் இருந்து எழுத்தாக இல்லாவிட்டால், தேடுபொறி அதை எப்படி முன்னே கொண்டுவரும்?

பதிவு 10 · அச்சுக்கோவை

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பட்டியல்காரர் கேட்ட கேள்விக்கு நான் உடனே விடை எழுதாததற்குக் காரணம் உண்டு. 43 முகவரிகளில் பாதியைக்கூட நான் திறந்து பார்க்கவில்லை. உங்கள் கேள்விக்குப் பிறகு இரண்டு மாலைகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.

நீக்கப்பட்ட 38 முகவரிகளில் மூன்று திருட்டுப் பிரதிகளே அல்ல. ஒன்று, ஒரு நூலகத்தின் பட்டியல் பக்கம். இன்னொன்று, நூலின் பொருளடக்கத்தை மட்டும் தந்திருந்த அறிமுகம். மூன்றாவது, புத்தகக் காட்சியில் எங்கள் அரங்கிலேயே நூலை வாங்கிய ஒரு வாசகர் தம் வலைப்பூவில் எழுதிய நீண்ட மதிப்புரை. ‘பிடிஎஃப் கேட்காதீர்கள், வாங்கிப் படியுங்கள்’ என்று அவர் கடைசி வரியில் எழுதியிருந்தார். அந்தச் சொல்லைக் கண்டுதான் தேடல் அவருடைய பக்கத்தை என்னிடம் கொண்டுவந்தது. அதைத்தான் நான் திருட்டு என்று உறுதியளித்துக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

மூன்று முகவரிகளுக்குமான கோரிக்கையைத் திரும்பப் பெற்றேன். அந்த வாசகருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதி மன்னிப்புக் கேட்டேன். தம் பக்கம் மறைந்தது அவருக்குத் தெரிந்தே இருக்கவில்லை.

புதிய 20 முகவரிகளும் இரண்டு சேமிப்புத் தளங்களைத்தான் சுட்டுகின்றன. இரண்டிற்கும் எழுதினேன்; ஒன்று மறுநாளே கோப்பை நீக்கியது, 13 பக்கங்கள் பயனற்றுப் போயின. மற்றொன்றிலிருந்து பதில் இல்லை. அதைச் சுட்டும் 7 முகவரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்து, கூகுளுக்கும் பிங்குக்கும் அனுப்பியிருக்கிறேன். மின்னூல் உரிமை குறித்து மொழிபெயர்ப்பாளரிடம் பேசத் தொடங்கியிருக்கிறோம். இன்று காலை நூலின் பெயரைத் தேடினேன். எங்கள் விற்பனைப் பக்கம் நான்காம் இடத்தில் இருக்கிறது. அதற்கு மேலே, மூன்றாம் இடத்தில், அந்த வாசகரின் மதிப்புரை வந்திருக்கிறது.